மாஸ்டர் பேஜுக்குள் போன விண்ணப்பப் படிவம்: காணாமல் போன வரிசைகளைத் தேடிய ஐந்து நாட்கள்

நேற்று மாலைதான் அந்தப் பக்கம் ஒழுங்காக ஓடத் தொடங்கியது. எரிச்சல் இன்னும் முழுதாகத் தணியவில்லை. தணிவதற்குள் எழுதிவிட வேண்டும். இதே குழியில் இன்னொருவர் விழக்கூடாது.

வேலை பெரிதாகத் தெரியவில்லை. மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பி டாட் நெட் வெப் ஃபார்ம்ஸ் என்ற இணையதளக் கட்டமைப்பில் எழுதப்பட்ட பழைய தளம். பக்கங்கள் தனித்தனியாக நின்றன. தலைப்பும் மெனுவும் ஒவ்வொன்றிலும் நகலெடுத்து ஒட்டப்பட்டிருந்தன. எல்லாவற்றையும், பொதுவான பகுதிகளைத் தாங்கும் வார்ப்புருவான ஒரே மாஸ்டர் பேஜுக்குக் கீழ் கொண்டுவரச் சொன்னார்கள். 2005இல் ஏஎஸ்பி டாட் நெட் 2.0 உடன் வந்த வசதி இது. பழகியதுதானே என்று ஏற்றுக்கொண்டேன். முப்பதுக்கும் மேற்பட்ட பக்கங்கள் ஒன்றரை நாளில் மாறிவிட்டன. மீதி நாட்கள் அனைத்தையும் ஒரே ஒரு பக்கம் தின்றது.

அது ஒரு விண்ணப்பப் படிவம். கல்வித் தகுதிகளை நிரப்பும் பகுதியில் "வரிசை சேர்" என்று ஒரு பொத்தான். அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு டிராப்டவுன், இரண்டு டெக்ஸ்ட் பாக்ஸ்கள், ஒரு "நீக்கு" பொத்தான் கொண்ட புதிய வரிசை வரும். எல்லாம் டைனமிக் கண்ட்ரோல்கள், அதாவது பக்கம் ஓடும்போது நிரலிலிருந்து உருவாகும் திரை உறுப்புகள். தனிப் பக்கமாக இருந்தவரை பல ஆண்டுகள் குறையில்லாமல் ஓடியது. மாஸ்டருக்குள் வைத்துச் "சேமி" பொத்தானை அழுத்தினேன். இல்லாத ஒன்றை நிரல் தொட்டால் வரும் அந்தப் புகழ்பெற்ற நல் (null) ரெஃபரன்ஸ் பிழை வந்தது.

பழைய நிரல் ஒவ்வொரு வரிசையின் மதிப்பையும் பேஜின் ஃபைண்ட்கண்ட்ரோல் (பெயரைச் சொல்லிக் கண்ட்ரோலைத் தேடும் மெத்தட்) வழியாக, பெயரோடு எண்ணை ஒட்டித் தேடியது. ஃபைண்ட்கண்ட்ரோல், கண்ட்ரோல்கள் ஒன்றுக்குள் ஒன்றாக நிற்கும் மரம் முழுவதையும் அலசாது. தான் நிற்கும் நேமிங் கண்டெய்னருக்குள், அதாவது பெயர்களுக்கான எல்லைக்குள், மட்டுமே பார்க்கும். முன்பு பக்கமே அந்தக் கண்டெய்னராக இருந்ததால் கிடைத்தது. இப்போது நடுவில் மாஸ்டர் ஒரு கண்டெய்னர், அதற்குள் பக்கத்தின் உள்ளடக்கம் வந்து அமரும் கண்டென்ட் பிளேஸ்ஹோல்டர் இன்னொரு கண்டெய்னர். பக்கத்தின் வாசலில் நின்று கூப்பிட்டால் உள்ளறையில் இருப்பவருக்குக் கேட்பதில்லை.

மாஸ்டரில் தொடங்கி பிளேஸ்ஹோல்டரைக் கண்டுபிடித்து, அதற்குள் மறுபடி தேடும் இரட்டைத் தேடலைத்தான் முதலில் எழுதினேன். அது வேலை செய்யும். ஆனால் மாஸ்டரில் யாராவது பிளேஸ்ஹோல்டரின் பெயரை மாற்றினால் அன்றே உடையும். இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. வரிசைகளைத் தாங்கி நிற்கும் சாதாரண பிளேஸ்ஹோல்டர் கண்ட்ரோலின் மேலேயே ஃபைண்ட்கண்ட்ரோலை அழைத்தால் போதும். அது நேமிங் கண்டெய்னர் இல்லை என்பதால் தனக்கு மேலே உள்ள சரியான கண்டெய்னரிடம் தேடலைத் தானே ஒப்படைத்துவிடும். எல்லா இடத்திலும் அப்படியே மாற்றினேன்.

அடுத்து ஜாவாஸ்கிரிப்ட் செத்தது. ஆண்டைச் சரிபார்க்கும் பழைய ஸ்கிரிப்ட், ஐடியை நேரடியாகச் சொல்லித் தேடியது. இப்போது பிரவுசருக்குப் போன ஐடிகளின் முன்னால் சிடிஎல்00 என்று தொடங்கும் நீண்ட முன்னொட்டு ஒட்டியிருந்தது. ஏஎஸ்பி டாட் நெட் 4இல் வந்த கிளையன்ட் ஐடி மோடு என்ற அமைப்பால் இந்த முன்னொட்டைக் கட்டுப்படுத்தலாம். அதன் இயல்பு நிலை பிரெடிக்டபிள். ஆனால் எங்கள் தளம் 3.5இலிருந்து உயர்த்தப்பட்டது. தளத்தின் அமைப்புக் கோப்பான வெப் கான்ஃபிகில், பழைய நீண்ட ஐடிகளையே தொடரச் செய்யும் ஆட்டோ ஐடி என்று எழுதிய ஒரு வரி யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. பழைய தளத்தை உயர்த்தியவர்கள் முதலில் அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கிளையன்ட் ஐடி மோடை ஸ்டேட்டிக் என்று வைத்தால் ஐடி சுத்தமாக வரும் என்று பலரும் சொல்வார்கள். ஒரே முறை வரும் கண்ட்ரோலுக்கு அது சரி. திரும்பத் திரும்ப வரும் வரிசைக்குள் வைத்தால் ஒரே ஐடி பத்து இடத்தில் நிற்கும். மேலும் அது மாற்றுவது ஐடியை மட்டுமே; சர்வருக்குத் திரும்பி வரும் நேம் பழையபடி டாலர் குறி போட்ட நீண்ட பெயராகவே இருக்கும். பிரவுசர் அனுப்பிய மதிப்புகள் இருக்கும் ரிக்வெஸ்ட் ஃபார்மில் குட்டிப் பெயரைத் தேடி ஒரு மணி நேரம் வீணாக்கிய பிறகு, வரிசைகளுக்கு ஒரு சிஎஸ்எஸ் கிளாஸ் கொடுத்து ஸ்கிரிப்டில் அதை வைத்தே பிடித்தேன்.

இவையெல்லாம் கீறல்கள்தான். காயம் மூன்றாம் நாள்.

ஒருவர் எத்தனை வரிசை வரை சேர்க்கலாம் என்பது அவருடைய பயனர் வகையைப் பொறுத்தது. அந்த வகையைக் கண்டுபிடிக்கும் நிரல் எல்லாப் பக்கத்துக்கும் பொது என்பதால் அதை மாஸ்டரின் பேஜ் லோடில் (ஏற்றப்படும்போது ஓடும் நிகழ்வில்) வைத்திருந்தேன். படிவத்தின் பேஜ் லோடில் அதை வாசித்தால் எப்போதும் பூஜ்யம். நிரலை நடுவில் நிறுத்திப் பார்க்க உதவும் பிரேக் பாயின்ட் வைத்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது: படிவத்தின் லோட் முதலில் ஓடுகிறது, மாஸ்டரின் லோட் பிறகு.

மாஸ்டர் என்ற பெயரைக் கேட்டு அது மேலே இருக்கிறது என்று நம்பியிருந்தேன். உண்மையில் மாஸ்டர் பேஜ் என்பது யூசர் கண்ட்ரோலிலிருந்து பிறந்த வகுப்பு. பக்கத்தோடு சேர்ந்ததும் அது பக்கத்தின் பிள்ளையாகிவிடுகிறது. லோட் நிகழ்வு வெளியிலிருந்து உள்ளே போகும்: முதலில் பக்கம், பிறகு மாஸ்டர், பிறகு கண்ட்ரோல்கள். லோடுக்கு முன்பே நடக்கும் இனிட் நிகழ்வு நேர்மாறாக உள்ளிருந்து வெளியே வரும்: கண்ட்ரோல்கள், மாஸ்டர், கடைசியில் பக்கம். இந்த வாக்கியங்கள் முதல் நாளே என் மேசையில் ஒட்டியிருந்தால் இரண்டு நாள் மிஞ்சியிருக்கும்.

அன்று எனக்கு இது பாதிதான் புரிந்தது. மாஸ்டரின் லோட் முடிந்த பிறகு வரிசைகளை உருவாக்கினால் சரியாகிவிடும் என்று எண்ணி, உருவாக்கும் நிரலை லோட் கம்ப்ளீட் நிகழ்வுக்கு நகர்த்தினேன். திரையில் வரிசைகள் அழகாக வந்தன. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை நிரப்பிப் பார்த்தால் தட்டச்சு செய்த எதுவும் நிற்கவில்லை. "நீக்கு" பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் எந்தச் சலனமும் இல்லை.

காரணம் வரிசைமுறைதான். பிரவுசர் அனுப்பிய மதிப்புகளை ஏஎஸ்பி டாட் நெட் இரண்டு முறை விநியோகிக்கிறது: லோடுக்கு முன் ஒரு முறை, லோட் முடிந்த உடனே இன்னொரு முறை. லோடில் பிறந்த கண்ட்ரோலுக்குக்கூட இரண்டாம் பந்தியில் இடம் உண்டு. அதன்பின் கிளிக் நிகழ்வுகள் நடக்கும். லோட் கம்ப்ளீட் அதற்கும் பிறகு. அங்கே பிறந்த கண்ட்ரோலுக்கு மதிப்பும் கிடைக்காது, கிளிக்கும் கிடைக்காது. வரிசையை உருவாக்கிய நிரலில் தவறே இல்லை. உருவாக்கிய நேரம் தவறு.

சரிசெய்தது இப்படி: பயனர் வகையைக் கண்டுபிடிப்பதை மாஸ்டரின் இனிட்டுக்கு மாற்றினேன். பக்கத்தின் இனிட் வருவதற்குள் அது தயாராகிவிடும். படிவத்தின் தலையில், மாஸ்டரின் வகுப்பு எது என்று சொல்லும் மாஸ்டர் டைப் டைரக்டிவைப் போட்டதும் மாஸ்டரின் பண்பை வகைமாற்றம் செய்யாமல் நேரடியாக எழுத முடிந்தது.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் வரிசைகளின் எண்ணிக்கை பழைய நிரலில் செஷனில், அதாவது ஒரு பயனரின் எல்லா டேப்களுக்கும் பொதுவான சர்வர் சேமிப்பில், இருந்தது. சோதனை செய்த தோழி ஒரே படிவத்தை இரண்டு டேப்களில் திறந்தார். ஒன்றில் சேர்த்த வரிசை மற்றதிலும் முளைத்தது. பல ஆண்டுகளாக இருந்த குறை. இப்போதுதான் ஒருவர் பார்த்தார். குழுவின் மூத்த பொறியாளரிடம் போனேன். திரையைப் பார்க்காமலே, "செஷன் போதும், யார் இரண்டு டேப் திறக்கப்போகிறார்கள்?" என்று அனுப்பிவிட்டார். திறந்து காட்டிய ஒருவர் பக்கத்து மேசையில்தான் உட்கார்ந்திருந்தார். அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது. விண்ணப்பிப்பவரின் விவரம் இன்னொரு படிவத்துடன் கலந்தால் அலைந்து திரியப்போவது அவர்தான்.

எண்ணிக்கையை, பக்கத்தோடு பிரவுசருக்குப் போய் அதோடே திரும்பி வரும் வியூஸ்டேட்டுக்கு மாற்றினேன். வரிசைகளை இனிட்டில் உருவாக்க வேண்டும் என்று எல்லா இடத்திலும் படித்திருந்ததால் அங்கேயே எண்ணிக்கையைக் கேட்டேன். வெறுமை. இனிட் நடக்கும்போது வியூஸ்டேட் இன்னும் ஏற்றப்படவே இல்லை. எத்தனை வரிசை என்பது வியூஸ்டேட்டில். வியூஸ்டேட் வருவதற்கு முன்பே வரிசைகள் வேண்டும். இந்த முடிச்சில் ஒரு மதியம் முழுக்கப் போனது.

அவிழ்த்தது லோட் வியூஸ்டேட் மெத்தட். அதை ஓவர்ரைடு செய்து, முதல் வரியில் அடிப்படை மெத்தடை அழைத்து, அடுத்த வரியில் எண்ணிக்கையை வாசித்து வரிசைகளை உருவாக்கினேன். தாமதமாக வந்து சேரும் கண்ட்ரோலுக்கு உரிய வியூஸ்டேட்டைத் தாய் கண்ட்ரோல் பத்திரமாக வைத்திருந்து, சேர்ந்ததும் கொடுக்கிறது. மதிப்புகளின் முதல் விநியோகம் இதற்குப் பிறகுதான் என்பதால் அதுவும் தவறவில்லை. முதல் வருகையில் இந்த மெத்தட் அழைக்கப்படாது. அப்போது மட்டும் லோடில் ஒரு வரிசையை உருவாக்கி, கணக்கை வியூஸ்டேட்டில் எழுதிவிட வேண்டும். இங்கே ஐடியை நீங்களே கொடுங்கள். தானாக வரும் ஐடி, கண்ட்ரோல்கள் பிறந்த வரிசைமுறையைப் பொறுத்தது. அடுத்த போஸ்ட்பேக்கில் (பக்கம் சர்வருக்குத் திரும்பிப் போகும்போது) ஒன்று முன்பின் ஆனாலும் மதிப்பு வேறு பெட்டியில் போய் விழும்.

கடைசிச் சோதனை "நீக்கு" பொத்தானில் வந்தது. நான்கு வரிசைகளில் இரண்டாவதை நீக்கினேன். திரையில் சரியாக மூன்று நின்றன. அடுத்து "வரிசை சேர்" அழுத்தியதும் இரண்டாம் பெட்டி வெறுமையானது. கடைசி வரிசையில் இருந்த விவரம் மாயமானது. இதைப் பார்த்தபோது உண்மையில் பயந்தேன். பிழைச் செய்தி எதுவும் இல்லை. நிரப்பியவர் கவனிக்காமல் சேமித்திருந்தால் அவருடைய ஒரு தகுதி சத்தமில்லாமல் அழிந்திருக்கும்.

எண்களைப் போட்டுப் பார்த்தேன். வரிசைகள் 0, 1, 2, 3. ஒன்றை நீக்கியதும் பிரவுசரில் இருப்பவை 0, 2, 3. என் நிரலோ எண்ணிக்கை மூன்று என்பதால் 0, 1, 2 என்று கட்டுகிறது. 1 என்ற பெயரில் எந்த மதிப்பும் வரவில்லை. 3 என்ற பெயரில் வந்த மதிப்புக்கு வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அனுப்பிய மதிப்புகள் பெயரைப் பார்த்துச் சேர்கின்றன. வியூஸ்டேட்டோ இயல்பாக இடத்தைப் பார்த்துச் சேர்கிறது. இரண்டுமே பொருந்தியாக வேண்டும்.

அதனால் எண்ணிக்கையை விட்டுவிட்டு எண்களின் பட்டியலையே வைத்தேன். காற்புள்ளியிட்ட ஒரே சரம்: 0,1,2,3. நீக்கினால் 0,2,3. புதிதாகச் சேர்த்தால் 4. போன எண் திரும்ப வராது. லோட் வியூஸ்டேட்டில் பழைய பட்டியலின்படி அனைத்தையும் கட்ட வேண்டும். நீக்கும் வேலையைக் கிளிக் நிகழ்வில் செய்ய வேண்டும், அதுவும் அந்த ஒரு வரிசையை மரத்திலிருந்து எடுத்து, அதன் எண்ணைப் பட்டியலிலிருந்து நீக்கும் அளவில் மட்டும். முழுவதையும் துடைத்துவிட்டு மறுபடி கட்டாதீர்கள். கட்டினால் அப்போதுதான் வந்து சேர்ந்த மதிப்புகளும் சேர்ந்து போகும். எந்த வரிசையின் பொத்தான் என்பதைப் பொத்தானோடு சேர்ந்து வரும் குறிப்பான கமாண்ட் ஆர்க்யுமென்டில் எழுதிவிட்டேன்.

இடையில் வந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். மாஸ்டரின் ஹெட் பகுதியில் ஸ்கிரிப்டின் பாதைக்காக ஒரு கோட் பிளாக் (பக்கத்துக்குள்ளேயே எழுதும் நிரல் துண்டு) எழுதியிருந்தேன். படிவத்திலிருந்து ஹெட்டுக்குள் ஒரு கண்ட்ரோலைச் சேர்த்ததும், கோட் பிளாக் இருப்பதால் கண்ட்ரோல் தொகுப்பை மாற்ற முடியாது என்று பக்கம் நின்றுவிட்டது. அந்தக் கோட் பிளாக்கை ஒரு பிளேஸ்ஹோல்டருக்குள் அடைத்தால் தீர்ந்தது. மாஸ்டரில் சாதாரண இமேஜ் டேக்கில் எழுதிய சார்புப் பாதை துணைக் கோப்புறையில் உள்ள பக்கங்களில் உடையும் என்பதையும் அப்போதே கண்டேன். டேக்கில் ரன் அட் சர்வர் (runat="server") போட்டு, டில்டாவில் (~) தொடங்கும் பாதை கொடுத்தேன்.

இவ்வளவுக்கும் எனக்குக் கைகொடுத்தது பக்கம் ஓடிய விதத்தைக் காட்டும் ட்ரேஸைப் பேஜ் டைரக்டிவில் இயக்கும் ஒரே வரி. பக்கத்தின் அடியில் முழுக் கண்ட்ரோல் மரமும், ஒவ்வொன்றின் முழுப் பெயரும், வியூஸ்டேட் அளவும் வந்துவிடும். போஸ்ட்பேக்குக்கு முன்னும் பின்னும் அந்த மரத்தை எடுத்துப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள். மூன்றாம் நாள் நான் ஊகித்துக்கொண்டிருந்த நேரத்தில் இதைச் செய்திருக்க வேண்டும்.

நேற்று மாலை தோழி இரண்டு டேப்களைத் திறந்தார். ஒன்றில் ஆறு வரிசைகள் நிரப்பி, மூன்றாவதையும் ஐந்தாவதையும் நீக்கி, புதிதாக ஒன்று சேர்த்தார். மற்றதில் இரண்டே வரிசைகள். இரண்டையும் சேமித்துத் தரவுத்தளத்தைத் திறந்தோம். ஒன்றில் ஐந்து, மற்றதில் இரண்டு; ஒவ்வொரு மதிப்பும் அதனதன் இடத்தில் இருந்தது. ட்ரேஸ் வரியை நீக்கிவிட்டு நிரலைச் செக்இன் செய்தேன்.