தலைகீழாகப் பிடித்த ரீல்

மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில், வுட்மன் பொயின்ற் இறங்குதுறையில் அரை மணி நேரமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்த இத்தாலியக் கிழவர் கடைசியில் பொறுக்க முடியாமல் எழுந்து வந்தார். என் கையிலிருந்த தூண்டில் தடியை வாங்கினார். அப்படியே புரட்டி, நூல் சுற்றும் ரீல் தடிக்குக் கீழே தொங்கும்படி பிடித்துத் திருப்பித் தந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. போய்த் தன் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

அதுவரை நான் ரீலைத் தடிக்கு மேலே வைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஸ்பின்னிங் ரீல் கடையிலிருந்து வரும்போது கைப்பிடி பெரும்பாலும் இடப்பக்கம் இருக்கும். வலது கையால் சுற்றிப் பழக நினைப்பவனுக்கு அதைக் கவிழ்த்தால்தான் சரியாக வருவதுபோலத் தோன்றும். கைப்பிடியைக் கழற்றி மற்றப் பக்கம் மாட்டலாம் என்பது எனக்குத் தெரியாது. நான் கடற்கரை ஊர்க்காரன் என்பதுதான் இதில் பெரிய வெட்கம்.

யாழ்ப்பாணத்தில் பண்ணைப் பாலத்தடியில் வளர்ந்தவன் நான். மாமா ஒருவர் தொழிலுக்குப் போவார். எங்களுக்கெல்லாம் கைத்தூண்டில்தான். ஒரு கட்டையிலோ வெற்றுப் போத்தலிலோ சுற்றிய தங்கூசி என்ற நைலோன் நூல், நுனியில் ஈயம், முள், ஒரு துண்டு இறால். நூல் ஆள்காட்டி விரலின் மேல் ஓடும். மீன் கொத்துவதும் அந்த விரலுக்குத்தான் தெரியும், இழுத்தால் விட்டுக்கொடுப்பதும் அந்த விரல்தான். தடி, ரீல் எல்லாம் படத்தில் வெள்ளைக்காரர் வைத்திருக்கும் சாமான்.

பேர்த்துக்கு 2017இல் வந்தோம். கானிங் வேலில் ஒரு குளிர்களஞ்சியத்தில் இரவு வேலை. காலை ஆறு மணிக்கு விறைத்த கையோடு வெளியே வந்தால் தூக்கமும் வராது, கதைக்க ஆளும் இருக்காது. காரை எடுத்துக்கொண்டு கடல் பக்கம் போவேன். வுட்மன் பொயின்ற் இறங்குதுறையை எல்லோரும் ‘அமோ ஜெட்டி’ என்பார்கள், ஒரு காலத்தில் வெடிமருந்து இறக்கிய துறை. சீனர், இத்தாலியர், பிலிப்பினோக்காரர், குரோவேசியர் என்று எல்லாச் சாதிச் சனமும் வரிசையாக நிற்கும். அங்கே சும்மா நிற்க முடியவில்லை.

கரையிலிருந்து தூண்டில் போட மேற்கு அவுஸ்திரேலியாவில் அனுமதிப்பத்திரம் தேவையில்லை. படகில் போனால்தான் வேண்டும். இதை நான் மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டேன். ஊரில் கடலுக்குப் போகப் பாஸ் எடுத்த யுத்த காலத்தைப் பார்த்தவனுக்கு ஒருவர் சொன்னால் போதாது.

முதல் தடியும் ரீலும் ஒரே பெட்டியில் 39 டொலருக்கு வாங்கினேன். ஒரு மாதம்தான். வாங்கிய கடையைக் குறை சொல்ல முடியாது. பாவித்துவிட்டு உப்போடு கார் டிக்கியில் போட்டு வைத்தது நான். முதலில் நின்றது நூல் உருளை, அதாவது ரீலில் நூலை வளைத்துச் சுற்றும் பெயில் கம்பியின் ஓரத்தில் நூல் உரசி ஓடும் சின்னச் சக்கரம். பிறகு பெயில் கம்பியே மூட மறுத்தது. கைத்தூண்டிலில் துருப்பிடிக்க முள்ளைத் தவிர வேறொன்றும் இல்லையே, கழுவ வேண்டும் என்று யார் நினைத்தது?

இரண்டாவது தடவை நிதானமாக வாங்குவது என்று முடிவு. மனைவி ஒரு எல்லை போட்டாள்: “300 டொலருக்கு மேல போனா நீங்களும் அந்தப் பாலத்திலயே படுங்கோ.”

வேலையிடத்தில் பருத்தித்துறை அண்ணை ஒருவர் இருந்தார். இருபது வருடமாக இங்கே மீன்பிடிப்பவர். நான் கைத்தொலைபேசியில் ஒரு ரீலைக் காட்டி, “அண்ணை, இதில 10 பேரிங் இருக்கு, நல்லதோ?” என்றேன். அவர் அதைப் பார்க்கவேயில்லை.

“தம்பி, முதல் நீர் என்ன மீனுக்குப் போறீர் எண்டு சொல்லும். பிறகு ரீலைப் பாப்பம்.”

மீனிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வரவேண்டும் என்பது அவர் கணக்கு. என்ன மீன், அதற்கு எவ்வளவு தடிப்பான நூல், அந்த நூலை எந்த ரீல் கொள்ளும், அந்த ரீலை எந்தத் தடி தாங்கும். நான் கடைசியிலிருந்து முதலுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

இந்தக் கரையில் எனக்கு எட்டும் மீன்கள் கொஞ்சம்தான். முதலாவது ஹெரிங். பெயர்தான் ஹெரிங், ஐரோப்பாவின் ஹெரிங்குக்கும் இதற்கும் உறவில்லை. இங்கே ‘சாமன்’ என்று சொல்லும் பெரிய மீனும் உண்மையில் இதன் சொந்தக்காரன்தான். ஊர் நினைவில் குடியேறிகள் வைத்த பெயர்கள். நானும் இங்குள்ள வைட்டிங்கைக் கண்டவுடன் ‘கிழங்கான்’ என்றேன், ஆனால் அது நிசமாகவே கிழங்கான் குடும்பம். அடுத்தது டெய்லர். தையற்காரர் என்று பெயர், செய்வதெல்லாம் கத்தரிப்பு. பல் அப்படி. பிறகு கணவாய். இவற்றுக்கிடையில் கேட்காமலே வந்து இரையைத் தின்று போகும் பேத்தை.

ஹெரிங்குக்கும் கணவாய்க்கும் 2500 அளவு ரீலும் ஏழடித் தடியும் போதும். அலைக்கரையிலும் கடலுக்குள் நீளும் கல்லணையிலும் நின்று டெய்லருக்கு எறிய 4000 அளவும் ஒன்பதடித் தடியும் வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு தடிக்கான காசு. “4000 எடும். பெரிசால சின்ன மீன் பிடிக்கலாம், சின்னனால பெரிசைப் பிடிக்கக் கஷ்டம்” என்றார் அண்ணை. ஹெரிங் இழுக்கும்போது அந்தத் தடியில் ஒரு சுகமும் இல்லை என்பது பிறகு தெரிந்தது. ஆனாலும் அவர் சொன்னது சரி.

இந்த இலக்கங்களை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. ஷிமானோவின் 4000மும் டைவாவின் 4000மும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்றில்லை. பென் கொம்பனி 3500, 4500 என்று தனி வழி போகும். எத்தனை கிராம் நிறை, எந்தத் தடிப்பு நூல் எத்தனை மீற்றர் கொள்ளும் என்று நூல் சுற்றியிருக்கும் ஸ்பூலில் எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும். பேரிங் எண்ணிக்கை பெட்டிக்கு அழகு. உப்புநீர் உள்ளே போகாமல் நூல் உருளைக்கும், மீன் இழுத்தால் நூலை அளவாக விட்டுக்கொடுக்கும் டிராக்குக்கும் அடைப்புப் போட்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி. நான்கு நல்ல பேரிங் உள்ள ரீல், பத்துத் துருப்பிடித்த பேரிங் உள்ள ரீலைவிட நீண்ட நாள் சுற்றும். அடுத்து வேகம். உலோக இரையை டெய்லர் துரத்த வேண்டுமானால் அது ஓடவேண்டும், ஒரு சுற்றுக்கு எத்தனை சென்ரிமீற்றர் நூல் உள்ளே வருகிறது என்று பார்த்தேன். 90ஐத் தாண்டினால் கை நோகாமல் இழுக்கலாம்.

டிராக் விஷயத்தில்தான் நான் அதிகம் ஏமாந்திருப்பேன். பெட்டியில் ‘10 கிலோ’ என்று போட்டிருந்தது, பலசாலி என்று நினைத்தேன். நூல் 15 இறாத்தல், ஏறக்குறைய 7 கிலோ. டிராக்கை நூலின் பலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒன்றுக்கும் இடையில் வைக்க வேண்டும், அதாவது இரண்டு கிலோ அளவு. மிச்சம் எட்டுக் கிலோவை வைத்து நான் என்ன செய்வது? அண்ணை கடையில் நூல் நுனியைத் தன் கையில் சுற்றிக்கொண்டு மெதுவாக இழுத்துக் காட்டினார். நல்ல ரீலில் நூல் ஒரே சீராக வந்தது. மற்றதில் ஒட்டி, விட்டு, ஒட்டி, விட்டு வந்தது. “இந்த வெட்டு வெட்டேக்கதான் நூல் அறுறது. உம்மட மாமான்ர விரல் இப்படியோ விடும்?” என்றார்.

அந்த இடத்தில்தான் எனக்கு முழுதும் விளங்கியது. டிராக் என்பது மாமாவின் விரல். அவர் மீனின் பலத்துக்கு ஏற்ப அழுத்தியும் விட்டும் செய்ததை, ஸ்பூலுக்குள் அடுக்கிய நாலைந்து வட்டத் தகடுகள் செய்கின்றன. அதன் பிறகு எனக்கு ரீல் அந்நியச் சாமானாகத் தெரியவில்லை.

தடியைத் தெரிவது சுலபமாக முடிந்தது. ஒன்பதடி, இரண்டாகக் கழற்றலாம், இல்லாவிட்டால் எங்கள் கொரோலாவில் ஏறாது. 4 முதல் 8 கிலோ நூலுக்கு, 15 முதல் 40 கிராம் இரை எறிய. ரீலை மாட்டி, ரீல் காலுக்குச் சற்று முன்னால் ஒரு விரலில் தூக்கிப் பார்க்க வேண்டும். நுனி கவிழ்ந்தால் இரண்டு மணி நேரத்தில் மணிக்கட்டுத் தெரியப்படுத்திவிடும். தடியில் நூல் ஓடும் வளையங்களுக்குள் பஞ்சை விட்டு உரசிப் பார்த்தால், வெடிப்பிருக்கும் இடத்தில் பஞ்சு சிக்கும். இதெல்லாம் செய்தபோது கடைப் பெடியன் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தான். மொத்தம் 285 டொலர். மனைவியிடம் பற்றுச்சீட்டைக் காட்டினேன்.

பின்னல் நூல் வாங்கியது வேறு கதை. பிரெய்ட் என்பார்கள், தங்கூசியைவிட மெல்லியது, பலமானது, ஆனால் வழுக்கும். வெறும் ஸ்பூலில் நேரடியாகச் சுற்றினேன். முதல் நாளே மீன் இழுக்க, ஸ்பூல் நிற்க, நூல் முழுவதும் மொத்தமாக அதன்மேல் சுழன்றது. டிராக் பழுது என்று கடைக்குக் கொண்டுபோனேன். அடியில் பத்து மீற்றர் தங்கூசி சுற்றி அதன்மேல் பிரெய்ட்டைச் சுற்றியிருக்க வேண்டுமாம். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னதற்கு நன்றி. பிரெய்ட்டையும் நுனியில் வரும் தங்கூசித் துண்டான லீடரையும் இணைக்கும் எஃப்ஜி முடிச்சைச் சாப்பாட்டு மேசையில் யூடியூப் பார்த்துப் படித்தேன். ஒரு நுனியை மகன் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டிருந்தான். ஆறு வயது, நன்றாக இழுத்துப் பிடிப்பான்.

அடுத்த கோடையில் ஃப்ரீமன்டில் தெற்குக் கல்லணைக்குப் போனேன். பச்சை வெளிச்சவீடு நிற்கும் பக்கம். பின்னேரம் ‘ஃப்ரீமன்டில் டொக்டர்’ என்ற தென்மேல் காற்று வீசிக்கொண்டிருந்தது. வெயிலில் வெந்த ஊருக்கு மருந்துதான், எறிபவனுக்கு முகத்தில் அறை. பொழுதுபடும் நேரம், 30 கிராம் உலோக இரை, மூன்றாவது எறி. டெய்லர் அடித்தது. டிராக் கிர்ரென்று கத்தியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓடும் நூலை ஆள்காட்டி விரலால் அழுத்தினேன். முப்பது வருடப் பழக்கம். தங்கூசி என்றால் சூடு காட்டும், பிரெய்ட் கத்திபோல இறங்கியது. மீனும் போயிற்று, இரையும் போயிற்று, விரலில் தழும்பு மட்டும் இருக்கிறது.

அடுத்த கிழமை விரலில் பிளாஸ்டருடன் போனேன். தடியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, கையைக் கட்டாத குறையாக, டிராக்கை அதன் பாட்டுக்கு ஓடவிட்டேன். ஓடி முடித்த பிறகு சுற்றினேன். 41 சென்ரிமீற்றர். 30க்குக் குறைந்தால் கடலுக்கே திருப்பி விட வேண்டும். டெய்லரைப் பிடித்தவுடன் இரத்தம் வடியவிட்டு ஐசில் வைக்காவிட்டால் சதை குழைந்துவிடும். இதைச் சொன்னதும் அந்த இத்தாலியக் கிழவர்தான், ஒரு வருடம் கழித்து அவர் என்னோடு பேசிய முதல் வசனம். பொரியலுக்கு டெய்லர் பரவாயில்லை. சொதிக்கு வைட்டிங்தான் என்பது வீட்டின் தீர்ப்பு, அதில் எனக்கும் மறுப்பில்லை.

இப்போது வீட்டுக்கு வந்ததும் டிராக்கை இறுக்கிவிட்டு, பூவுக்குத் தெளிப்பதுபோல மெதுவாக நல்ல தண்ணீர் தெளிப்பேன். குழாயை வேகமாக அடித்தால் உப்பு இன்னும் உள்ளே போகும். காய்ந்த பிறகு டிராக்கைத் தளர்த்தி வைப்பேன். ரீல் ஆறாவது வருடமும் ஓடுகிறது. பக்கத்தில் 2500 ஒன்றும் சேர்ந்திருக்கிறது, அது 300 டொலர்க் கணக்கில் வராது என்று நானும், வரும் என்று மனைவியும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மகன் தனக்கும் ஒரு ரீல் கேட்டான். முதலில் ஒரு தண்ணீர்ப் போத்தலில் 20 மீற்றர் தங்கூசி சுற்றிக் கொடுத்து, அமோ ஜெட்டியில் என் பக்கத்தில் இருத்தினேன். தவிட்டில் மீனெண்ணெய் குழைத்துப் போட்டோம், ஹெரிங் கூட்டம் வந்தது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 12 என்பது சட்டம், எங்களுக்கு ஐந்துக்கு மேல் கிடைப்பதில்லை. அவன் விரலில் நூல் துடித்தது. கத்திக்கொண்டு இழுத்தான்.

பேத்தை. மேலே வந்ததும் பந்துபோல ஊதிக்கொண்டது. பக்கத்து வாளியிலிருந்து கிழவர் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

“அப்பா, ரீல் எண்டா இது வராது தானே?” என்று கேட்டான்.

“ரீலுக்கும் இதுதான் வரும்” என்றேன், முள்ளைக் கழற்றிக்கொண்டே.

அவன் நம்பவில்லை.