சோழமண்டலத்தில் ஒரு மாலை

திருவான்மியூரில் பஸ் ஏறும்போதே வெயில் சாய்ந்துவிட்டது. ஈஞ்சம்பாக்கத்தில் இறங்கி சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குள் நுழைந்ததும், கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஹாரன் சத்தம் மெல்ல அடங்கியது. மரங்களுக்கடியில் கருங்கல் சிற்பங்கள். அன்று அங்கே இரண்டு கண்காட்சிகள் தொடங்கின: ஒரு கூடத்தில் கும்பகோணத்து நீர்வண்ண ஓவியங்கள், இன்னொன்றில் மரக்காணம் உப்பளப் புகைப்படங்கள். ஓவியர், புகைப்படக்காரர் இருவருக்கும் இதுதான் முதல் தனிக் கண்காட்சி.

குத்துவிளக்கு ஏற்றி, இரண்டு பேர் சுருக்கமாகப் பேசி, டீ வந்தது. திறப்பு நாளில் படத்தைவிட மனிதர்களைத்தான் அதிகம் பார்க்க வேண்டியிருக்கும். கூட்டம் டீ பக்கம் போனபிறகுதான் சுவர்கள் எனக்குக் கிடைத்தன.

முதலில் புகைப்படங்கள். எல்லாம் கறுப்பு வெள்ளை. பாத்தியில் உப்பை வாரி இழுக்கும் பெண்கள், வெடித்த குதிகால்கள், தலைச்சுமையோடு வரப்பில் வரிசையாக நடப்பவர்கள். ஒரு படத்தில் உப்புக் குவியல் மட்டும். கிட்டப் போய்ப் பார்த்தேன். குவியலின் உச்சியில் மையே இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது வெறும் தாள். அந்த வெயிலைக் காட்ட புகைப்படக்காரர் தாளை அப்படியே விட்டிருக்கிறார். கண் கூசியது.

அதே நினைப்போடு அடுத்த கூடத்துக்குப் போனால், அங்கேயும் அதேதான். மகாமகக் குளத்தில் மழை. கரையைச் சுற்றியுள்ள 16 மண்டபங்களில் நாலைந்துதான் தெரிகின்றன, மற்றவை சாம்பல் நிறத்தில் கரைந்துவிட்டன. படியில் தேங்கிய தண்ணீரின் பளபளப்பு, தூரிகை தொடாத தாள். "வெள்ளைப் பெயின்ட் நான் வாங்குறதே இல்லைங்க. எங்க விடணும்னு முதல்லயே முடிவு பண்ணிடணும், அப்புறம் திருத்த முடியாது" என்றார் அந்த ஓவியர். முப்பது வயதுகூட இருக்காது அவருக்கு. சென்னையில் அவர் ஏறி இறங்கிய சில கேலரிகளில் வாடகையைக் கேட்டதுமே திரும்பிவிட்டாராம்.

கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் இந்த கிராமத்தைத் தொடங்கியதும் இப்படிப்பட்டவர்களுக்காகத்தான். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த அவர், படிப்பு முடித்த மாணவர்கள் பிழைப்புக்காகத் தூரிகையைக் கீழே வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓவியமும் சிற்பமும் விற்காத காலம். கைவினைப் பொருட்கள் செய்து விற்றார்கள், முக்கியமாக பாத்திக் துணிகள். அந்தக் காசில் மணல்மேட்டில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். பாத்திக் என்பதும் வெள்ளையைக் காப்பாற்றும் வேலைதான்: மெழுகு பூசிய இடத்தில் சாயம் ஏறாது. பகலெல்லாம் மெழுகும் சாயமுமாக இருந்தவர்கள் பிறகுதான் தங்கள் கித்தானிடம் போயிருக்கிறார்கள். அவர்களுடைய படைப்புகள் பக்கத்திலேயே சென்னைக் கலை இயக்கத்துக்கான அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படங்களில், ஜாதகக் கட்டம்போல கோடுகளும் படிக்க முடியாத எழுத்துகளும் நெருக்கியடித்து நிற்கும். அதே மனிதர் இளவயதில் கேரளத்துத் தோப்பையும் காயலையும் நீர்வண்ணத்தில் தீட்டியவர். புதியவரின் குளத்தைப் பார்த்தபிறகு அந்தப் பணிக்கரைத்தான் அதிகம் நினைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது உப்புக் குவியல் படத்தின் ஓரத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தார்கள். விற்றுவிட்டது. புகைப்படக்காரர் அதை வெளியே நின்று போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார், குரல் தழுதழுத்தது.

மழைக் குளத்தை நான் போனில் படம் எடுக்கவில்லை. அம்மா பிறந்தது கும்பகோணத்தில், அந்தக் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி. சனிக்கிழமை காலை, கூட்டமில்லாத நேரத்தில், அவளை நேரில் கூட்டிவரப் போகிறேன்.