தாராசுரம் முதல் கோடியக்கரை வரை ஒரே லென்ஸ்

நேற்று இரவுதான் வேதாரண்யத்திலிருந்து சென்னை வந்து சேர்ந்தேன். தோள்பட்டை வலி இன்னும் போகவில்லை. ஆட்டோக்காரர் மேல் உள்ள கோபமும் ஆறவில்லை. ஆனால் ஆறு மாதமாகத் தீராமல் கிடந்த ஒரு கேள்வி தீர்ந்துவிட்டது. பயணத்துக்கு ஒரே ஒரு ஜூம் லென்ஸ்தான் என்றால் எதை வாங்குவது?

இந்தக் கேள்வி பிறந்த இடம் தனுஷ்கோடி. போன ஆண்டு அங்கே போனபோது என் கேனன் 200டி கேமராவோடு வந்த 18-55, 55-250 என்ற இரண்டு லென்ஸ்களும் பையில் இருந்தன. இந்த எண்கள் மி.மீ. கணக்கு, சிறிய எண் அகலமாகக் காட்டும், பெரிய எண் தூரத்தில் இருப்பதை நெருக்கமாக்கும். இடிந்த தேவாலயத்தை அகலமாக எடுத்துவிட்டு, கரைவலை இழுப்பவர்களின் முகங்களை நெருக்கமாக எடுக்கலாம் என்று லென்ஸைக் கழற்றினேன். அங்கே அடிக்கும் காற்றைப் பட்டவர்களுக்குத் தெரியும். மாற்றி மாட்டி நிமிர்வதற்குள் வலை கரையேறிவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் அதன் பிறகு எடுத்த ஒவ்வொரு படத்திலும் வானத்தில் சாம்பல் புள்ளிகள். படம் பதியும் சென்சாரைச் சுத்தம் செய்ய 1,200 ரூபாய் ஆனது. இனி பயணத்தில் லென்ஸைக் கழற்றுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

கையில் இருந்த பணம் 30,000 ரூபாய். மனதில் இருந்தவை இரண்டு லென்ஸ்கள். ஒன்று கேனன் 18-135, மற்றது டாம்ரான் 18-400. 2017-இல் டாம்ரான் அதைக் கொண்டுவந்தபோது, 18-இல் தொடங்கி 400 வரை போகும் லென்ஸ் என்பதே புதிது. அந்த 400 என்ற எண் என்னை ஆறு மாதம் தூங்கவிடவில்லை. என் கேமராவின் சென்சார் சிறியது, எல்லாவற்றையும் 1.6 மடங்காக்கும். அப்படியானால் 640 மி.மீ. கணக்கு! பூநாரையின் கண்ணைக்கூட எடுத்துவிடலாம் என்று கற்பனை ஓடியது. புதியதை வாங்கப் பணம் போதாது, கடன் வாங்கலாமா என்றுகூட யோசித்தேன். அதற்கு முன் நான்கு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்ப்போம் என்று நாளுக்கு 800 ரூபாய் கொடுத்து எடுத்தேன். செலவு செய்த பணத்திலேயே உருப்படியான பணம் இந்த 3,200 ரூபாய்தான். சித்தி மகன் தன் 80டி கேமராவில் 18-135 மாட்டிக்கொண்டு கூட வந்தான். ஒரே இடம், ஒரே வெளிச்சம், இரண்டு லென்ஸ்கள்.

கும்பகோணத்தில் இறங்கியதும் காபி. பித்தளை டவராவில் நுரையோடு வந்த அந்தக் காபிக்காகவே இன்னொரு முறை போவேன்.

தாராசுரம் ஐராவதேசுவரர் கோவிலுக்குக் காலை எட்டு மணிக்கு முன்பே போய்விட வேண்டும். பிறகு போனால் சுற்றுலா பஸ்கள் வந்துவிடும், தேர்ச்சக்கரத்தின் முன் வரிசையில் நின்று படம் எடுக்க வேண்டியிருக்கும். இரண்டாம் ராசராசன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டியது. தஞ்சைப் பெரிய கோவிலின் விமானம் 200 அடியைத் தாண்டி நிற்கிறது என்றால், இது சுமார் 80 அடிதான். ஆனால் கல்லில் இவ்வளவு நுணுக்கமான வேலையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. குதிரைகள் இழுக்கும் தேராக அமைந்த இராசகம்பீரன் மண்டபத்தின் முன் நின்றபோது, வந்த வேலை மறந்து கால் மணி நேரம் கேமராவைத் தொடாமலே இருந்தேன்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் இருட்டு. மூன்றுகால் தாங்கியைத் தொல்லியல் துறையின் முன் அனுமதி இல்லாமல் பயன்படுத்த முடியாது. இரண்டு லென்ஸ்களுமே 18 மி.மீ.யில் எஃப் 3.5 வரைதான் திறக்கும் (எஃப் எண் சிறிதானால் ஒளி நுழையும் துளை பெரிது), வெளிச்சத்தில் எதற்கும் சலுகை இல்லை. இங்கே கைகொடுத்தது கை நடுக்கத்தைச் சமன்செய்யும் ஸ்டெபிலைசர். மூச்சை அடக்கி, தூணில் தோளைச் சாய்த்து, நொடியில் எட்டில் ஒரு பங்கு நேரம் ஷட்டரைத் திறந்து வைத்தேன். தூணின் யாளி முடிக்கற்றை வரை தெளிவாக விழுந்தது. கோவில் படம் எடுக்கப் போகிறவர்களிடம் நான் அடித்துச் சொல்வேன், கல் அசையாது, ஆகவே உங்களுக்கு முதலில் வேண்டியது எஃப் 2.8 அல்ல, நல்ல ஸ்டெபிலைசர். மனிதர்களை எடுக்க வேண்டுமானால் கதை வேறு. அதே மண்டபத்தில் எண்ணெய்க் கிண்ணத்தோடு நடந்துபோன பெரியவர் இரண்டு கேமராவிலும் வெறும் புகையாகத்தான் பதிந்தார்.

டாம்ரான் இங்கே என்னை வியக்க வைத்தது வேறு இடத்தில். கருவறையின் வெளிச்சுவர் அடித்தளத்தில் நாயன்மார்களின் கதைகளைச் சின்னச் சின்னச் சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். குனிந்து, உட்கார்ந்து பார்க்க வேண்டிய அளவு. 18-400 லென்ஸ் 45 செ.மீ. நெருக்கம் வரை ஃபோகஸ் செய்யும். அதையும் 400-இல் வைத்தே செய்யும். ஒரு எலுமிச்சை அளவு உருவம் திரை முழுக்க வந்தது. தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதையே வாங்கிவிடுங்கள்" என்றான். அந்தக் கணத்தில் நானும் அதே முடிவில்தான் இருந்தேன்.

மறுநாள் அணைக்கரை வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம். விமானத்தின் அந்த வளைவைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை முடியாது. முதலாம் ராசேந்திரன் தன் தந்தை கட்டியதைவிட உயரம் குறைவாகக் கட்டினான், ஆனால் கோடுகளை உட்புறமாக வளைத்துவிட்டான். வெளியே புல்வெளி விரிந்து கிடப்பதால் பின்னால் போய்க்கொண்டே இருக்கலாம். படிக்கட்டை ஒட்டி வடக்குப் பக்கம் சண்டேசருக்குச் சிவன் கொன்றை மாலை சூட்டும் சிற்பத்தின் முன்னால் அப்படி முடியவில்லை. சிற்பத்தோடு மேலே எழும் விமானத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்று ஆசை. நகர நகர முதுகு கைப்பிடிச் சுவரில் இடித்தது. 18 போதவில்லை. இருவருக்கும் போதவில்லை. அங்கே நின்றபோதுதான் எனக்கு முதன்முதலாக உறைத்தது. ஆறு மாதமாக நான் எண்ணிக்கொண்டிருந்தது எல்லாம் பெரிய எண்ணை. பார்க்க வேண்டியது சிறிய எண்ணை. 18-க்குப் பதில் 16 இருந்தால் பார்வைக் கோணம் ஏழு பாகை அளவு விரிகிறது. 300-இலிருந்து 400-க்குப் போனாலோ ஒன்றரை பாகைகூடக் குறைவதில்லை. தூரத்தில் இருப்பது சிறியதாக விழுந்தால் ஓரளவு வெட்டிப் பெரிதாக்கலாம். சட்டகத்துக்கு வெளியே நின்றுவிட்டதை எந்த மென்பொருளும் கொண்டுவந்து தராது.

கேமராவைப் புதிதாகவே வாங்கப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராக்களுக்குச் சிக்மா 2025-இல் 16-300 கொண்டுவந்திருக்கிறது. நிக்கானின் இசட் 24-200 முழு அளவு சென்சாருக்கானது, 570 கிராம்தான், 24-இல் தொடங்குகிறது, என் சிறிய சென்சாரின் கணக்கில் அது 15. அதே அளவு சென்சாருக்கான டாம்ரானின் 28-200 தொடக்கத்தில் எஃப் 2.8 திறக்கும், இருட்டுக்கு நல்லது, ஆனால் 28-இல் (என் கணக்கில் ஏறக்குறைய 18) தொடங்குவதால் எனக்கு நேர்ந்த அதே சிக்கல் அதிலும் உண்டு. என் பழைய கேமராவுக்கு இவை எதுவும் பொருந்தாது. புதிய கேமராவுக்கு என்னிடம் பணமும் இல்லை.

கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம். திருத்துறைப்பூண்டியில் ஏறிய பஸ்ஸைப் போல ஒன்றை எதிரிக்கும் சொல்லமாட்டேன். பின்சக்கரத்துக்கு நேர் மேலே இருக்கை, மூடாத ஜன்னல், சாலை முழுக்கப் பள்ளம். கேமராவை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தேன். லென்ஸ் 710 கிராம், கேமராவோ 450 கிராம் அளவு. முன்பாரம் இழுக்கிறது. ஒவ்வொரு குலுக்கலிலும் குழாய் தானாக வெளியே நீண்டுவந்தது. வாடகை லென்ஸ் பலர் கைப்பட்டது, தளர்ந்திருந்தது. 18-இல் பூட்டி வைக்க ஒரு விசை இருக்கிறது, ஆனால் அதைப் பூட்டினால் அடுத்த முறை அவசரத்தில் எடுக்கும்போது ஜூம் திரும்பாது. அப்படியே ஒரு மீன்கொத்தியை இழந்தேன். இன்னொன்று, டாம்ரானின் ஜூம் வளையம் கேனனுக்கு எதிர்த்திசையில் திரும்புகிறது. ஐந்து ஆண்டுப் பழக்கத்தை நான்கு நாளில் மாற்ற முடியவில்லை.

வேதாரண்யத்தில் நல்லதும் கெட்டதும் அடுத்தடுத்து நடந்தன. நல்லது, பஸ் நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு வீட்டுச் சாப்பாட்டுக் கடை. மடவை மீன் குழம்பு, வறுத்த நண்டு, ரசம், எல்லாம் சேர்த்து 150 ரூபாய். குழம்பில் மாங்காய் போட்டிருந்தார்கள். அந்த அம்மாள் கேட்காமலே மூன்றாம் முறை குழம்பு ஊற்றி, "வெட்கப்படாமல் சாப்பிடுங்கள் தம்பி, கோடியக்கரையில் ஒன்றும் கிடைக்காது" என்றார். அவர் கையைப் படம் எடுக்கக் கேட்டேன், சிரித்தபடி சம்மதித்தார். 35 மி.மீ.யில் எடுத்த அந்தப் படம் இந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த மூன்றில் ஒன்று.

கெட்டது ஆட்டோ. கோடியக்கரை பத்துக் கிலோமீட்டர் சுமார்தான். போய் வர, காத்திருப்பும் சேர்த்து 900 என்று பேசி ஏறினோம். இறங்கும்போது 1,400 கேட்டார். "கேமரா எல்லாம் வைத்திருக்கிறீர்கள், 500 ரூபாய்க்குக் கணக்குப் பார்க்கிறீர்களே சார்" என்றார். கேமராவைப் பார்த்து விலை ஏற்றுவது எனக்கு ஆத்திரம் வரும் விஷயம். அந்தக் கேமராவுக்கு 14 மாதம் தவணை கட்டியிருக்கிறேன். வாக்குவாதம் செய்து 1,100-இல் முடிந்தது. பேசிய தொகைக்கு மேல் கொடுத்த அந்த 200 ரூபாய் இன்னும் உறுத்துகிறது. அரசு பஸ் போகிறது, நேரத்தைக் கேட்டு அதிலேயே போங்கள்.

கோடியக்கரை சரணாலயம் 1967-இல் வெளிமான்களுக்காக அறிவிக்கப்பட்டது. பகல் பதினொரு மணிக்குச் சதுப்புநிலத்தின் விளிம்பில் நின்றோம். தொலைவில் இளஞ்சிவப்புக் கோடு. பூநாரைகள்! ஆயிரக்கணக்கில் இருக்கும் என்று தோன்றியது. கை நடுங்க 400-க்குத் திருப்பினேன். திரையில் பார்த்தபோது மனம் விழுந்துவிட்டது. சூடேறிய உப்புமண்ணிலிருந்து எழும் கானல் நடுவில் நெளிகிறது. பறவைகள் தண்ணீரில் கரைந்த வண்ணம்போல் தெரிந்தன. இதில் லென்ஸின் தவறு எதுவும் இல்லை. ஒரு லட்சம் ரூபாய் லென்ஸ் வைத்தாலும் நடுவில் இருக்கும் காற்று அதேதான். நெருங்க வேண்டும், அல்லது விடியலில் வர வேண்டும். இரண்டையும் நான் செய்யவில்லை.

மாலை ஐந்தரைக்குப் புல்வெளியில் இரண்டு ஆண் வெளிமான்கள் கொம்பு பூட்டின. முறுக்கிய கொம்புகள் உரசும் ஓசை எங்களுக்குக் கேட்டது. தம்பியின் 135-இல் அவை கட்டைவிரல் நகம் அளவு. அவன் கேமராவின் 24 மெகாபிக்சலில் என் சட்டகத்தின் அளவுக்கு வெட்டினால் மிஞ்சுவது மூன்றுக்கும் குறைவு. நான் 400-இல் எடுத்தேன். மான் ஓடும் வேகத்துக்கு ஷட்டர் 1/640 நொடி வேண்டும், 400-இல் அபெர்ச்சர் (ஒளி நுழையும் துளை) எஃப் 6.3-க்கு மேல் திறக்காது, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 6400 போயிற்று. ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருந்தது. நாற்பது படத்தில் ஒன்று தேறியது. கொம்புகள் பின்னிய கணம், புழுதி, பின்னால் ஆரஞ்சு வெளிச்சம். மணல்மணலாக இருக்கிறது, ஓரங்கள் கூர்மையாக இல்லை. ஆனாலும் அதைச் சட்டமிட்டு மாட்டப் போகிறேன்.

அப்படியானால் 18-400 வாங்க வேண்டியதுதானே என்று தம்பி கேட்டான். இன்று காலை லென்ஸைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து 836 படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எந்த மி.மீ.யில் எடுத்தது என்று ஒவ்வொரு படத்திலும் பதிவாகியிருக்கும். பாதிக்கு மேல் 18-க்கும் 35-க்கும் இடையில். 135-ஐத் தாண்டியவை 170 சொச்சம், ஏறக்குறைய எல்லாமே கோடியக்கரையில் ஒரே நாளில் எடுத்தவை. அவற்றில் வைத்துக்கொள்ளத் தகுந்தவை ஒன்பது. நாயன்மார் சிற்பங்கள் நான்கு, மான் ஒன்று, மற்றவை குரங்குகள். 135-க்குள் எடுத்த அதே காட்சிகளில் தம்பியின் படங்கள் ஓரம் வரை கூர்மையாக இருக்கின்றன. அவன் லென்ஸ் 515 கிராம்தான். ஃபோகஸ் சத்தமே இல்லாமல் சட்டென்று பிடிக்கிறது. பறவைக்காகவே வாழ்பவர்கள் இந்த வகை லென்ஸையே தொடக்கூடாது, 150-600 வாங்கிக்கொண்டு விடியலில் எழுந்து போக வேண்டும். என்னைப் போலக் கோவில், தெரு, சாப்பாடு, மனிதர்கள், எப்போதாவது ஒரு மான் என்று திரிபவர்களுக்கு 18-135 போதும்.

புதியதல்ல, பழையது. தாம்பரத்தில் ஒருவர் 17,500 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். சென்னைக் கடற்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது சாதாரணம், டார்ச் அடித்து இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி 18, 50, 135 மூன்றிலும் எடுத்து, நான்கு மூலைகளிலும் எழுத்து ஒரே மாதிரி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்தால் குழாய் தானாக நழுவக்கூடாது. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். டார்ச்சையும் இன்றைய செய்தித்தாளையும் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.