பழைய பிக்கப்புக்குப் புது வயரிங்: வேலை எர்த்தில் தொடங்குகிறது

குமரி மாவட்டத்தில் குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் என்று மீன் ஏற்றி ஓடும் பழைய பிக்கப் ஷெட்டுக்குள் வந்தால் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "லைட்டு மங்கலா எரியுது. பல்பு மாத்தியாச்சு, பேட்டரியும் மாத்தியாச்சு." பல்புக்குப் போகிற வயரை எல்லாரும் பார்க்கிறார்கள். பல்பிலிருந்து பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பி வரும் வழியை யாரும் பார்ப்பதில்லை. அந்த வழிதான் எர்த். அது தனி வயரே அல்ல. போல்ட், தகடு, சேஸிஸ், மறுபடி போல்ட். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் நாள் முழுக்கச் சொட்டும் வண்டியில் ஒவ்வொரு போல்ட்டுக்கு அடியிலும் துரு ஏறியிருக்கும்.

பிரேக் மிதித்தால் பார்க் லைட்டும் சேர்ந்து மினுங்குகிறதா? இண்டிகேட்டர் போட்டால் டெயில் லாம்ப் துடிக்கிறதா? எர்த் போய்விட்டது என்று பெரும்பாலும் அங்கேயே சொல்லிவிடலாம். 21/5 வாட் இரட்டை இழை பல்பில் எர்த் இல்லாவிட்டால், பிரேக் இழைக்கு வந்த மின்சாரம் பார்க் இழை வழியாகப் பின்னோக்கிப் போய் மற்ற விளக்குகளின் எர்த்தைத் தேடும். உறுதி செய்ய மல்ட்டிமீட்டர் போதும். விளக்கு எரியும்போது ஒரு முனையை லாம்பின் எர்த் முனையிலும் மற்றதைப் பேட்டரி நெகட்டிவிலும் வைக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. ஒரு வோல்ட் காட்டினால், அந்த ஒரு வோல்ட் துருவில் வீணாகிறது என்று பொருள்.

ஒட்டுப்போடுவதா, முழுக் கிட்டையும் (வண்டியின் மொத்த வயர்க் கட்டையும்) மாற்றுவதா என்பதற்கு ஒரு சோதனை உண்டு. டெயில் லாம்ப் வயரில் டெர்மினலுக்கு (வயர் நுனியில் அழுத்திய உலோக முனைக்கு) ஒரு விரல் நீளம் தள்ளி உறையைச் சீவிப் பார்க்கவும். செம்பு பளிச்சென்று இருந்தால் முனையை மட்டும் மாற்றினால் போதும். கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் இன்னும் ஓர் அடி தள்ளிச் சீவவும். அங்கேயும் அப்படியே இருந்தால் உப்புத் தண்ணீர் இழைகளுக்கு நடுவே ஊறி உள்ளே ஏறிவிட்டது. அந்த வயரில் இனி ஒட்டு நிற்காது. குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பால் ஏற்றும் வண்டிகளில் வேறு வில்லன். பால் உறையாமலிருக்கச் சேர்க்கும் அம்மோனியா செம்பை அரிக்கும், பித்தளை டெர்மினலில் விரிசல் விழவைக்கும். சிந்திய பாலைக் கழுவாமல் விட்ட வண்டியில் டெர்மினல் தொட்டதும் உடைந்து கையோடு வரும்.

முழு வயரிங் என்று முடிவானால், முதலில் நெகட்டிவைக் கழற்ற வேண்டும். மாட்டும்போது அது கடைசி. பழைய கிட்டை அறுத்து எறியக் கூடாது. ஒவ்வொரு கனெக்டரிலும் எண் ஒட்டி, போனில் படம் எடுத்து, அப்படியே உருவித் தரையில் விரித்தால் அதுவே அளவுக்கோல். எல்லாக் கிளையிலும் 15 செ.மீ. கூடுதலாக விடவும். சிவப்பும் கறுப்பும் மட்டும் வாங்கி வண்டி முழுக்க ஓடவிடுபவர்கள் இருக்கிறார்கள். அடுத்து அந்த வண்டியைத் திறப்பவர் பாவம்.

வயரின் கனத்தைக் கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். 60/55 வாட் எச்4 பல்பு இரண்டும் பிரைட்டில் எரிந்தால் சுமார் 10 ஆம்பியர். ஒரு சதுர மி.மீ. வயரில் ஆறு மீட்டர் சுற்றி அது போனால் வயரிலேயே ஏறக்குறைய ஒரு வோல்ட் போய்விடும். மின்னழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால் ஹாலஜன் வெளிச்சம் முப்பது சதவீதம் வரை குறையும். ஆகவே ஹெட்லைட்டுக்கு 2.5, டெயில் விளக்குகளுக்கு 1, வைப்பருக்கும் ஹாரனுக்கும் 1.5, செல்ஃப் மோட்டாருக்கு 35 முதல் 50 சதுர மி.மீ. வீட்டு வயர் மிச்சம் கிடக்கிறதே என்று இழுக்க வேண்டாம். அதன் சாதாரண பிவிசி உறை 70 டிகிரிக்குத்தான். எஞ்சின் பக்கத்துச் சூட்டிலும் டீசல் எண்ணெயிலும் வெகுநாள் தாங்காது.

ஃப்யூஸ் காப்பாற்றுவது வயரை, பல்பை அல்ல. 1 சதுர மி.மீ.க்கு 10 ஆம்பியர், 1.5க்கு 15, 2.5க்கு 20 என்பதைத் தாண்டக் கூடாது. அடிக்கடி போகிறதே என்று 10 இருந்த இடத்தில் 30 போட்டால் அடுத்து உருகப்போவது வயர். ஹெட்லைட் இடமும் வலமும் தனித்தனி 10 ஆம்பியர் ஃப்யூஸில் இருக்கட்டும். இரவில் ஒன்று போனாலும் மற்றொன்று எரியும். பிரைட்டுக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்று என இரண்டு ரிலே வேண்டும். ரிலே என்பது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச். அதன் கால்களில் எண் இருக்கும்: 30-க்குப் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக வரும் நேர் வயர், 87 விளக்குக்கு, 86 பழைய ஸ்விட்ச் வயருக்கு, 85 எர்த்துக்கு. ரிலே காயில் இழுப்பது கால் ஆம்பியருக்கும் குறைவு. ஸ்டியரிங் அடியிலுள்ள ஸ்விட்ச் இனி உருகாது.

இனி எர்த். கம்பெனி கிட்டில் டெயில் லாம்பின் எர்த் லோடு பாடியின் போல்ட்டோடு முடிந்திருக்கும். மீன் வண்டிக்கு அது ஆகாது. பின்னால் போகும் பார்க், பிரேக், இரண்டு இண்டிகேட்டர், ரிவர்ஸ் என்ற ஐந்தோடு ஆறாவதாக 2.5 சதுர மி.மீ. கறுப்பு வயரைக் கேபினுக்குள் இருக்கும் எர்த் ஸ்டட் (எர்த் வயர்களை இறுக்கும் திருகு முளை) வரை கொண்டுவர வேண்டும். முன்விளக்குகளின் எர்த்தும் அதே ஸ்டட்டுக்கு. அங்கிருந்து கனத்த கேபிள் ஒன்று பேட்டரி நெகட்டிவுக்கு. எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் இடையிலுள்ள பின்னல் பட்டையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது அறுந்தால் செல்ஃப் அடிக்கும்போது பல நூறு ஆம்பியர் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். கேபிள் சூடாகி உறை உருகும். பெயிண்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் லக்கை (வயர் நுனியின் உலோக வளையத்தை) இறுக்கி, அதன்பின் மேலே கிரீஸோ பெட்ரோலியம் ஜெல்லியோ பூச வேண்டும். பெயிண்ட்மேல் இறுக்கிய எர்த் பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

இணைப்பில் முறுக்கி டேப் சுற்றுவதை இந்த ஊரில் யாரும் செய்யவே கூடாது. வெயிலில் பசை இளகும், மழையில் டேப்புக்குள் தண்ணீர் தேங்கும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. நல்ல கிரிம்பிங் பிளையரில் அழுத்தி, இழுத்துப் பார்த்து, உள்ளே பசை உள்ள சுருங்கு ஸ்லீவைச் சூடாக்கி மூடுவதுதான் நிற்கும். ஈயம் பற்றவைத்தால் அது இழைகளுக்குள் ஊறி அந்த இடத்தை விறைப்பாக்கிவிடும். அதிர்வில் விறைப்பு முடியும் இடத்தில் வயர் ஒடியும்.

கிட்டைச் சேஸிஸின் உள்பக்க மேல்விளிம்பை ஒட்டி, அடிக்கு ஒரு கிளிப் போட்டுக் கொண்டுபோகவும். பிரேக் பைப்போடு சேர்த்துக் கட்ட வேண்டாம். கிட்டை மூடும் நெளிகுழாயின் பிளவு கீழ்நோக்கி இருந்தால் தண்ணீர் வடியும். லோடு தளத்தில் மீன் தண்ணீர் வடிய ஓட்டை போடுகிறவர்கள் சரியாகக் கிட்டுக்கு மேலேயே போடுவதைப் பலமுறை பார்க்கலாம். ஓட்டைக்குக் குழாய் வைத்துத் தண்ணீரைச் சேஸிஸுக்கு வெளியே விட்டாலே கிட்டின் ஆயுள் கூடும்.

மீட்டர் போர்டின் சார்ஜ் லைட்டை மட்டும் எல்இடிக்கு மாற்ற வேண்டாம். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பழைய ஆல்டர்னேட்டருக்கு முதல் தூண்டல் மின்சாரம் அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது. எல்இடி போட்டால் சார்ஜ் ஏறாமல் போகலாம்.

எல்லாம் மாட்டியபின் நெகட்டிவை நேராகச் சேர்க்காமல், நடுவில் 21 வாட் பல்பு ஒன்றை வைத்துச் சேர்க்கவும். எல்லா ஸ்விட்சும் அணைந்திருக்கும்போது பல்பு பிரகாசமாக எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. எரியாவிட்டால் பல்பை எடுத்து மீட்டரை வைத்து அளக்கலாம். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் போதும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வர வேண்டும். ஃப்யூஸ் வரிசையையும் வயர் நிறங்களையும் ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஃப்யூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிக் கொடுக்கவும். பிறகு எப்போதாவது பாடியில் வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியையும் ஆல்டர்னேட்டர் வயரையும் கழற்ற வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதிவிடலாம். பாடி கட்டுகிறவர் கண்ணில் படும்.