ஒன்பது மணிதான் வேலி

நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் குடிவந்து நாய் வளர்க்க ஆரம்பிக்கும் நம்ம ஊர் ஆட்கள் என்னிடம் முதலில் கேட்பது, பிராஸ்பெக்ட் பார்க்கில் நாயை அவிழ்த்துவிடலாமா என்றுதான். விடலாம். காலை 5 மணியிலிருந்து 9 மணி வரை, அப்புறம் இரவு 9 மணியிலிருந்து பூங்கா மூடும் 1 மணி வரை. அதுவும் லாங் மெடோ, நெதர்மீட், பெனின்சுலா ஆகிய புல்வெளிகளில் மட்டும். லாங் மெடோவின் தென்கோடியில் இருக்கும் பேஸ்பால் மைதானங்கள் இந்தக் கணக்கில் வராது. மற்றபடி எங்கே போனாலும் லீஷ், அதாவது நாயைப் பிடித்துக்கொள்ளும் வார், கட்டாயம். ஆறடிக்கு மேல் நீளம் இருக்கக் கூடாது.

அந்தப் புல்வெளிகளைச் சுற்றி வேலி கிடையாது. கடிகாரம்தான் வேலி. எழுத்தில் வருவதற்கு ரொம்ப வருடம் முன்பே இது நடைமுறையில் இருந்தது. ஆள் நடமாட்டம் இல்லாத விடிகாலையில் நாய்க்காரர்கள் நடந்தால் பூங்காவுக்கும் பாதுகாப்புதான் என்று பூங்காத் துறை விட்டுவைத்திருந்தது. 2006ல் நகரத்தின் இன்னொரு பகுதியான குவீன்ஸில் இருக்கும் ஜூனிப்பர் பார்க் சிவிக் அசோசியேஷன் என்ற குடியிருப்போர் சங்கம் வழக்குப் போட்டது. நகரத்தின் சுகாதாரச் சட்டம் லீஷ் கட்டாயம் என்று சொல்லும்போது பூங்காத் துறை எப்படி விலக்கு கொடுக்கலாம் என்று கேட்டார்கள். நானும் நாய்க்காரன்தான், ஆனாலும் அது நியாயமான கேள்வி. நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. பிறகு சுகாதார வாரியம் தன் விதியைத் திருத்தியது; 2007ல் இந்த நேர ஏற்பாடு முறையான பூங்கா விதியாகிவிட்டது.

இதனால்தான் 9:05க்கும் நாயை ஓடவிட்டுக்கொண்டு போனில் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அபராதச் சீட்டு கிடைத்தால் அது அவர்கள் பாடு. ஒன்பதுக்கு மேல் அந்தப் புல் கைக்குழந்தைக்காரர்களுக்கும், நாயென்றாலே நடுங்குகிறவர்களுக்கும் சொந்தம். மதுரையிலிருந்து வந்திருந்த என் அம்மா அந்த இரண்டாவது வகை. நூறு நாய்கள் அவிழ்ந்து ஓடுவதைப் பார்த்து என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்பது அடித்ததும் ஆளாளுக்கு லீஷை மாட்டியதைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, பள்ளிக்கூட மணி அடிச்ச மாதிரில இருக்கு" என்றார். நாய்க்குச் சொக்கன் என்று சாமி பேர் வைத்ததற்கு மட்டும் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

வேலி இல்லாத இடத்தில் உங்கள் நாய்க்குத் தெரிய வேண்டிய வித்தை ஒன்றுதான்: கூப்பிட்டால் வர வேண்டும். வீட்டு ஹாலில் வருவது கணக்கில் இல்லை. எதிரே அணில் ஓடும்போதும் வர வேண்டும். பெரும்பாலானவர்கள் கிளம்பும் நேரத்தில் மட்டும்தான் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டாலே ஆட்டம் முடிந்தது என்று நாய் இரண்டே நாளில் புரிந்துகொள்ளும், அப்புறம் கிட்டேயே வராது. நான் நடுநடுவே சும்மா கூப்பிடுவேன். வந்ததும் ஒரு துண்டு சிக்கன், கழுத்துப்பட்டையை ஒரு முறை பிடித்துப் பார்ப்பது, உடனே "போ". இந்த "போ"தான் முக்கியம். அது பழகும் வரைக்கும் முப்பதடி நீளக் கயிறு கட்டி, அவிழ்த்துவிடும் நேரத்திலேயே புல்வெளியின் ஆள் குறைவான மூலையில் பழக்குங்கள். கூட்டத்துக்கு நடுவே அந்தக் கயிறு எல்லார் காலிலும் சுற்றும்.

இன்னொன்று, விளையாட்டு எப்போது விளையாட்டாக இல்லாமல் போகிறது என்று பார்க்கத் தெரிய வேண்டும். போன வாரம் சொக்கனும் ஒரு பழுப்பு நிற லாப்ரடாரும் ஆடிக்கொண்டிருந்தன. முன்னங்காலைத் தரையோடு பதித்து, பின்பக்கத்தைத் தூக்கி அழைப்பு. இவன் துரத்துவான், பிறகு அது துரத்தும். நடுவில் நின்று உடம்பை உதறிக்கொள்ளும். அதெல்லாம் சரி. மூன்றாவதாக ஒரு இளம் ஹஸ்கி சேர்ந்ததும் துரத்தல் ஒரே பக்கமாகிவிட்டது. லாப்ரடாரின் வால் இறங்கியது, காது பின்னால் போனது, தன் ஆளின் காலுக்குப் பின்னால் போய் ஒதுங்கியது. ஹஸ்கிக்காரர் "அவன் சும்மா விளையாடுறான்" என்று சிரித்தார். நான் சொக்கனைக் கூப்பிட்டுக் கட்டி நகர்த்திவிட்டேன். ஆட்டத்தின் நிலவரத்தைக் கேட்க வேண்டியது ஓடித் தப்பிக்கிற நாயிடம்தான்.

நாய்கள் ஓடுவதற்கென்றே வேலி போட்டு ஒதுக்கிய டாக் ரன் வேறு உலகம். நகரத்தில் அதில் முதலாவது 1990ல் டாம்கின்ஸ் ஸ்கொயர் பூங்காவில் வந்தது. சென்ட்ரல் பார்க் அவ்வளவு பெரிதாக இருந்தும் அங்கே அப்படி ஒன்றுகூடக் கிடையாது, காலை-இரவு நேரக் கணக்குதான். டாக் ரன்னில் சிக்கல் பெரும்பாலும் வாசலில்தான் வரும். இரட்டைக் கதவு இருக்கும். முதல் கதவைச் சாத்திவிட்டுத்தான் இரண்டாவதைத் திறக்க வேண்டும். நடுவில் இருக்கும்போதே லீஷைக் கழற்றிவிடுங்கள். எல்லா நாயும் அவிழ்ந்திருக்க ஒன்று மட்டும் கட்டப்பட்டிருந்தால் அதற்கு ஓடவும் வழியில்லை, விலகவும் வழியில்லை. பயத்தில் அதுவே முதலில் பாயும். புது நாய் வந்தால் உள்ளே இருக்கும் எல்லாம் வாசலுக்கு ஓடும், அப்போது உங்கள் நாயை இந்தப் பக்கம் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். தின்பண்டமும், அதற்குப் பிடித்த பந்தும் பையிலேயே இருக்கட்டும். திறந்த வெளியில் சிக்கன் துண்டு உதவி. பத்து நாய் நெருக்கியடிக்கும் கூண்டுக்குள் அதுவே சண்டைக்குக் காரணம். இணைசேரும் பருவத்தில் இருக்கும் பெண் நாயை எங்கேயும் கூட்டிவர வேண்டாம்.

காகிதம் பெரிய விஷயமில்லை. நகர லைசென்ஸ், கருத்தடை செய்த நாய்க்கு வருடத்துக்கு எட்டரை டாலர், செய்யாததற்கு 34. அந்த வில்லை கழுத்தில் தொங்க வேண்டும். ரேபீஸ் ஊசிச் சான்று போனில் ஒரு படமாக இருந்தால் நல்லது. லெப்டோஸ்பைரோசிஸ் ஊசியையும் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுவிடுங்கள். எலிச் சிறுநீரில் பரவும் நோய், இந்த ஊரில் எலிக்குப் பஞ்சமா? பீயை அள்ளுவது 1978 முதல் இங்கே சட்டம், அபராதம் 250 டாலர். இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நகர்ந்துவிடும் பெரிய மனிதர்கள் எங்கள் பக்கத்திலும் உண்டு. கோடையில் பூங்கா ஏரித் தண்ணீரில் நச்சுப் பாசி படரும். எச்சரிக்கைப் பலகை இருந்தால் நாயைக் கரைக்கே விடாதீர்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை நல்லது. ஃபிடோ என்ற நாய்க்காரர்கள் சங்கம் லாங் மெடோவில் காபி கொடுக்கும், விவரம் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். உங்கள் நாய் கூச்சப்படும் ரகம் என்றால் அந்தக் கூட்டம் வேண்டாம், சாதாரண நாளில் விடிகாலையில் வாருங்கள். இரவு ஒன்பதுக்கு மேல் வருவதாக இருந்தால் ஒளிரும் கழுத்துப்பட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சொக்கன் மாதிரிக் கறுப்பு நாய் இருபதடி தள்ளிப் போனாலே கண்ணுக்குத் தெரியாது.