சாஞ்சதா, சாச்சதா

நுவரெலியாவில் ஏப்ரல் சீசன் நாட்களில் காலையெல்லாம் வெயில் நன்றாக அடிக்கும். பின்னேரம் இரண்டு, மூன்று மணியானால் பீதுருதலாகல மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து கொட்டத் தொடங்கும். தகரக் கூரைக்குக் கீழே நின்றால் பக்கத்தில் பேசுகிறவரின் குரல் பாதிதான் காதில் விழும். அப்படி விழுந்த பாதியை முழுவதும் என்று நம்பி, ஒரு மனிதரின் பிழைப்பில் நான் கை வைத்துவிட்டேன். அது நடந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. தகரத்தில் மழை விழும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்கு அந்தக் குதிரைப் பந்தய ஒப்ஜெக்ஷன்தான் நினைவுக்கு வருகிறது.

நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். ஒபிஸில் கிளார்க் வேலை. மூன்று மொழியும் பேச, எழுத வரும் என்பதால், குதிரைப் பந்தயம் நடக்கும் நாட்களில் மட்டும் பந்தய நடுவர்களான ஸ்டுவார்ட்மாரின் அறையில் மொழிபெயர்க்கவும் விசாரணைக் குறிப்பு எழுதவும் என்னைக் கூப்பிடுவார்கள். "லயத்துல பொறந்தவன் லாயத்துக்கு வேலைக்குப் போறான்" என்பார் அம்மா. தொழிலாளர் குடியிருப்பான அந்த லயத்தில், எட்டுப் பேர் படுத்த எங்கள் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் இருந்து அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு இருக்காது. குதிரைக்கு அதைவிடப் பெரிய இடம் கொடுத்திருந்ததை அவர் ஒரு நாள் வந்து பார்த்திருக்கிறார்.

குதிரை ஓட்டுகிற ஜொக்கிகளில் பலர் இந்தியாவிலிருந்து வருகிறவர்கள். கிண்டியிலும் ஊட்டியிலும் ஓட்டிப் பழகியவர்கள் என்றால் தமிழில்தான் சரளமாகப் பேசுவார்கள். குதிரையைப் பார்த்துக்கொள்கிறவர்களில் எங்கள் தோட்டத்துப் பையன்கள் நிறைய. கேள்வி கேட்பது ஆங்கிலத்தில். இடையில் நான்.

பந்தயம் முடிந்ததும் தோற்ற ஜொக்கி, "அவன் என்னை நெருக்கிட்டான்" என்று சொல்லி ஒப்ஜெக்ஷன் போட்டால் எல்லாம் அப்படியே நிற்கும். பணம் கொடுக்க மாட்டார்கள். டிக்கெட்டைக் கிழித்துவிட வேண்டாம் என்று மூன்று மொழியிலும் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். உள்ளே இரண்டு ஜொக்கிகளையும் வைத்துக் கேட்பார்கள், வீடியோவைப் போட்டுப் பார்ப்பார்கள். வெளியே நிற்கிற சனம் நினைப்பது, யார் தப்பு செய்தார் என்று உள்ளே கண்டுபிடிக்கிறார்கள் என்று. நானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் அங்கே இரண்டு வழக்கு ஒன்றாக நடக்கிறது. இடைஞ்சல் நடக்காமல் இருந்திருந்தால் பின்னால் வந்த குதிரை முன்னால் வந்த குதிரையை வென்றிருக்குமா என்பது ஒன்று. இடைஞ்சலுக்கு ஜொக்கி பொறுப்பா என்பது மற்றது. முதலாவது குதிரையின் இடத்தைத் தீர்மானிக்கும். இரண்டாவது மனிதனின் தண்டனையைத் தீர்மானிக்கும். ஒன்றின் பதிலை மற்றதற்குள் கலந்துவிட்டால் இரண்டும் கெட்டுப்போகும்.

அன்றைக்குக் கடைசி நூறு மீட்டரில் முன்னால் ஓடிய குதிரை உள்பக்கமாகச் சாய்ந்து வந்தது. கம்பி வேலிக்கும் அதற்கும் இடையில் ஏறி வந்துகொண்டிருந்த குதிரைக்கு வழி அடைபட்டது. அதன் ஜொக்கி மூன்று பாய்ச்சல் தூரம் குதிரையைத் தட்டாமல் அடக்கிப் பிடித்தார். பிறகு விட்டார். முடிவில் வித்தியாசம் அரைக் குதிரை நீளம்.

வென்றவர் இருபத்தைந்து வயதுகூட ஆகாத பையன். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார். என்ன நடந்தது என்று கேட்டதும் படபடவென்று சொன்னார். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன்: குதிரையை உள்பக்கம் சாய்த்து இழுத்ததாக ஒத்துக்கொள்கிறார் என்று. மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்கு மேல் அவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

குறிப்பை எழுதிக் கையெழுத்து வாங்க அவரை வராந்தாவில் உட்கார வைத்தேன். ஆங்கிலம் வாசிக்க வராது என்றார். அப்போது அப்படி ஒரு விதி எனக்கு இல்லை. ஏனோ அன்றைக்கு எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். பேனாவைத் திறந்து கையில் வைத்திருந்தவர் மூடிவிட்டார்.

"அண்ணே, நான் அப்படிச் சொல்லலையே. உள்ள சாஞ்சுச்சு, இழுத்தேன், வரலைன்னு சொன்னேன்."

மழைக்குள் எனக்குக் கேட்டது "உள்ள சாச்சு இழுத்தேன்" என்பது. கடைசியில் வந்த "வரலை" கேட்கவே இல்லை.

பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று படிப்பித்தபோது அதை ஒரு மனப்பாட விஷயமாகத்தான் எடுத்துக்கொண்டோம். திரும்பினான், திருப்பினான். ஒதுங்கியது, ஒதுக்கினான். எழுதும்போது சாய்ந்தது, சாய்த்தான். வாயில் சாஞ்சது, சாச்சான். ஒரு மெல்லெழுத்து வல்லெழுத்தாக மாறினால் செயல் குதிரையை விட்டு மனிதன் தலையில் ஏறிவிடும். இன்னொரு சங்கடமும் தமிழில் இருக்கிறது. "இழுத்தேன்" என்று மட்டும் சொன்னால் போதும், எந்தப் பக்கம், எதை என்று சொல்ல வேண்டியதில்லை. கேட்கிறவருக்குப் புரிந்துவிடும் என்று நம்பி விட்டுவிடுவோம். வெளிப்பக்கம் இழுத்தவர் உள்பக்கம் இழுத்தவராக ஆனது அந்த இடைவெளியில்தான். இடைவெளியை நிரப்பியது நான்.

உள்ளே போய்ச் சொல்ல வேண்டும். கால் வரவில்லை. நான் பிழை விட்டேன் என்று சொன்னால் அடுத்த வருடம் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம். பையனும் ஒன்றும் வற்புறுத்தவில்லை, "விடுங்கண்ணே" என்றுகூட முணுமுணுத்தார். அவர் அப்படிச் சொன்னதுதான் என்னை எழுப்பியது. "விடுங்க" என்று சொல்லியே பழகிய ஆட்களை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன்.

தலைமை ஸ்டுவார்ட் வயதானவர். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். கோபப்படவில்லை. ஜொக்கியைத் திரும்பக் கூப்பிடச் சொன்னார். அறை மூலையில் கிடந்த கயிறு ஒன்றை எடுத்து ஒரு நாற்காலியின் முதுகில் சுற்றி, இரண்டு முனையையும் பின்னால் கொண்டுவந்து பையனிடம் கொடுத்தார். வாயால் சொல்ல வேண்டாம், செய்து காட்டு என்று சைகை.

பையன் இன்னொரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதன் மேல் கால்விரல் நுனியில் குந்தினார். கயிறு கையில் வந்ததும் ஆளே மாறிவிட்டார். உள்பக்கக் கயிறு தொய்ந்து போனது. வெளிப்பக்கக் கையின் முழங்கை விலா எலும்பு வரைக்கும் பின்னால் வந்தது. கயிறு விறைத்து நாற்காலியின் முதுகு ஒரு பக்கமாகத் திரும்பிக் கிறீச்சென்றது. தலை வெளியே திரும்பினாலும் உடம்பு உள்ளேதான் போகும் என்பதைத் தோளால் காட்டினார். ஒருவரும் பேசவில்லை. வீடியோவைத் திரும்பப் போட்டார்கள். அதே முழங்கை, அதே விலா. நாலு தடவை பார்த்த படத்தில் நாங்கள் எல்லாரும் குதிரைகளுக்கு நடுவில் இருந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தோம். கையை யாரும் பார்க்கவில்லை.

சவாரித் தடை போடப் பேசி வைத்திருந்தார்கள். அதைக் கைவிட்டு, இன்னும் சீக்கிரமாகக் குதிரையை நேராக்கியிருக்கலாம் என்ற எச்சரிக்கையோடு முடித்தார்கள். ஆனால் ஒப்ஜெக்ஷன் ஏற்கப்பட்டது. முதலாவது குதிரை இரண்டாவதாகியது. மூன்று பாய்ச்சல் அடக்கிப் பிடித்த குதிரை இழந்தது அரை நீளத்தைவிட அதிகம், விட்ட பிறகு அது தூரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. சாய்ந்ததோ சாய்த்ததோ, வழி அடைபட்டது அடைபட்டதுதான்.

லாயத்துக்குப் போனேன். முதலிடம் இழந்த குதிரையைப் பார்த்துக்கொண்ட தம்பி எங்கள் பக்கத்துத் தோட்டத்து ஆள். ஸ்வெட்டர் பையிலிருந்து கெரட்டை எடுத்து உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன் திரும்பாமலே கேட்டான்.

"ஜொக்கி மேல குத்தம் இல்லன்னுட்டாங்களாமே. குதிரை மேல குத்தம் சொல்ல முடியுமா? அப்ப முதலிடத்தை எதுக்கு எடுத்தாங்க?"

சட்டம் சொன்னால் அவனுக்கு ஆறாது. கொழுந்து நிறுக்கிற இடத்தைச் சொன்னேன். உன் அம்மா கூடையைத் தராசில் வைத்திருக்கும்போது யாரோ வழுக்கித் தராசில் மோதிவிடுகிறார். மழை, சேறு, வேணுமென்று செய்யவில்லை. அவரை யாரும் ஏசப் போவதில்லை. ஆனால் அந்த நிறையை அப்படியே செக்ரோல் பதிவேட்டில் எழுத விடுவாயா?

கொஞ்ச நேரம் பேசவில்லை. "திரும்ப நிறுக்கத்தான் சொல்லுவேன்" என்றான். அவன் சமாதானமாகிவிட்டான் என்று நான் சொல்ல மாட்டேன். முதல் பரிசுக்கும் இரண்டாம் பரிசுக்கும் உள்ள வித்தியாசம் அவன் கைக்கு வரும் காசிலும் தெரியும்.

அந்தத் தராசைப் பிறகு பல தடவை மனதுக்குள் போட்டுப் பார்த்திருக்கிறேன். உலகம் முழுக்க ஒரே விதி இல்லை. இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, ஹொங்கொங் போன்ற இடங்களில் "வென்றிருக்குமா" என்ற கேள்விதான். 2013-இல் ஜப்பானும் 2018-இல் பிரான்ஸும் ஜெர்மனியும் அதற்கு மாறின. அமெரிக்காவில் வேறு மாதிரி: இடைஞ்சல் மற்றக் குதிரையின் இடத்தைப் பாதித்ததென்றால், செய்த குதிரையை அதற்குப் பின்னால் போடுவார்கள். 2019 மே 4-ஆம் தேதி கென்டக்கி டேர்பியில் முதலாவதாக வந்த மெக்ஸிமம் செக்யூரிட்டி, கடைசி வளைவில் வெளிப்பக்கம் நகர்ந்ததற்காக, ஏறத்தாழ 22 நிமிட ஆலோசனைக்குப் பிறகு 17-ஆவது இடத்துக்குத் தள்ளப்பட்டது. கன்ட்ரி ஹவுஸ் வென்றதாக அறிவிக்கப்பட்டது. 1875-இல் தொடங்கிய அந்தப் பந்தயத்தில் ஓட்டத்தில் செய்த இடைஞ்சலுக்காக வெற்றி பறிபோனது அதுதான் முதல் தடவை. அந்தப் படத்தைப் பல தடவை பார்த்தேன். இடைஞ்சல் நடந்தது உண்மை, பெரிய விபத்தாகியிருக்கலாம். ஆனால் இடைஞ்சல் பட்ட குதிரை எப்படியும் அதை வென்றிருக்காது என்றே எனக்குப் படுகிறது. தராசைத் தட்டினால் திரும்ப நிறுக்கலாம், கூடையையே கொட்டிவிடுவது எனக்கு ஒத்துவரவில்லை. ஆபத்தாக ஓட்டியவரைத் தனியாகத் தண்டிக்கட்டும்.

இந்தக் கணக்கெல்லாம் எனக்குப் பிடிபட்டுவிட்டது என்றிருந்த நேரத்தில்தான் மெல்பேர்னுக்கு மேற்கே மெல்டனில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனேன். ஒரு ராத்திரி மருமகன் என்னைக் குதிரை வண்டிப் பந்தயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். இலங்கையின் வடக்கில் மாட்டுவண்டிச் சவாரி பார்த்தவர்கள் மாட்டுக்குப் பதில் ஒரு குதிரையை நினைத்துக்கொள்ளலாம். வண்டி என்பது இரண்டு சக்கரமும் ஓர் இருக்கையும்தான், சல்கி என்கிறார்கள். ஜொக்கி முதலாளியின் நிறத்தை உடுத்துவார். இங்கே ஓட்டுகிறவர் தனக்கென்று பதிந்த நிறத்தை உடுத்துகிறார். அது எனக்குப் பிடித்திருந்தது.

குதிரை நாலுகால் பாய்ச்சலில் போகக் கூடாது. பேசர் என்ற வகை ஒரு பக்கத்து முன்காலையும் பின்காலையும் ஒன்றாக வீசும்; ட்ரொட்டர் குறுக்காக வீசும். நடை குலைந்து பாய்ச்சலுக்கு மாறினால் ஓட்டுநர் மற்றவர்களுக்கு இடைஞ்சலில்லாமல் விலகி, இழுத்துப் பிடித்து, நடையைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அதற்குள் எல்லாரும் போய்விடுவார்கள்.

இங்கேதான் என் அரை நீளக் கணக்கு உடைந்தது. எங்கள் குதிரை மூன்று பாய்ச்சல் அடங்கினால் இவ்வளவு இழந்தது என்று சொல்லிவிடலாம். இதில் பின்னால் வரும் குதிரையின் முன்னங்காலில் ஒரு சக்கரம் உரசினால் போதும், நடை குலைந்து கடைசிக்குப் போய்விடும். இழந்த தூரத்தை வைத்து இடைஞ்சலின் அளவைச் சொல்ல முடியாது. உரசியதால் குலைந்ததா, குலைந்துகொண்டிருந்ததால் உரசியதா என்பதுதான் கேள்வி. குறுக்கே வருகிறவர் குதிரையின் பின்பக்கம் தாண்டிவிட்டது என்று நினைத்து வந்தால் போதாது, அதற்குப் பின்னால் சக்கரம் இருக்கிறது. தன் சக்கரத்துக்குப் பின்னால் வரும் கால் அவர் கண்ணில் படாது.

மருமகனோடு வேலை செய்கிற ஒருவர் வார இறுதியில் வண்டி ஓட்டுகிறவர். வாகனத் தரிப்பிடத்தில் நின்றுகொண்டு தன் போனில் பழைய ஓட்டமொன்றைப் போட்டுக் காட்டினார். முன்னால் போன வண்டி உள்ளே இறங்குகிறது, பின்னால் வந்த குதிரை குலைகிறது. மெதுவாக ஓடவிட்டு, நிறுத்தி, திரும்ப ஓடவிட்டார். மருமகன் சக்கரத்தையே விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். தொட்டதா இல்லையா என்று அவனுக்கு முடிவாகவில்லை.

"மாமா, நீங்க எங்க பாக்குறீங்க? சக்கரம் அந்தப் பக்கம்."

பின்னால் வந்த வண்டிக்காரர், முன்னால் போனவர் உள்ளே இறங்குவதற்கு முன்பே இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டிப் பிடித்திருந்தார். அவருடைய குதிரை அப்போதே அவர் கையில் இல்லை.

"கொஞ்சம் பின்னுக்கு ஓட்டுப்பா" என்றேன். "கையைப் பாரு."