புளியரை எஸ் வளைவு

எஸ் வளைவில் இறங்கும்போது பைக்கின் முன் பிரேக் லிவர் ஹேண்டில்பார் வரை வந்து ஒட்டிக்கொண்டது. பஞ்சை அமுக்கின மாதிரி.

எதிரே கேரளாவுக்கு ஏறும் காய்கறி லாரி. பின் பிரேக் புண்ணியத்தில்தான் இந்தப் பதிவு.

செங்கோட்டை மெக்கானிக் அண்ணாச்சி, கண்ணாடிக்குக் கீழே இருக்கிற பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தார். கடுங்காப்பி நிறம்.

"எப்பம்லே மாத்துன?"

பேசாமல் நின்றேன்.

2 வருஷத்துக்கு ஒருதடவை மாத்தணுமாம். அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். மலையிறக்கத்தில் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகிடும். ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும்.

பிரேக்கில் காத்தை வெளியேத்துற நிப்பிளில் டியூப் மாட்டித் திறந்தார். குமிழ் குமிழாகக் காற்று.

"நான் மூடுறதுக்கு முன்ன லிவரை விட்டுராதலே!"

அப்படியும் கொஞ்சம் மெத்துன்னுதான் இருந்தது. லிவரை இழுத்துக் கயிறால் கட்டி ராத்திரி முழுக்க விட்டார். காலையில் கல்லு மாதிரி.

மேலே இருக்கிற கண்ணாடியில் தினமும் தலை சீவியிருக்கேன். கீழே இருந்த டப்பாவை 6 வருஷமாப் பார்க்கலை.